ஆஷ்கேன் ‘பள்ளி’யில் யார் படித்தார்கள்?

அமெரிக்க ஓவியர் வில்லியம் கிளாக்கென்ஸ் 1905 வாக்கில் தீட்டிய ‘சென்ட்ரல் பார்க், குளிர்காலம்’ இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பனி மூடிய சரிவு, இலையுதிர்ந்த மரங்கள், சறுக்குவண்டிகளோடு பிள்ளைகள், நின்று வேடிக்கை பார்க்கும் பெரியவர்கள். இதைத் தமிழில் அறிமுகம் செய்கிறவர்கள் தவறாமல் சேர்க்கும் ஒரு வரி: ‘சாம்பல்தொட்டிப் பள்ளியைச் சேர்ந்தவர் கிளாக்கென்ஸ்.’ படிப்பவர் என்ன நினைப்பார்? அப்படியொரு பள்ளிக்கூடம் இருந்தது, இவர் அங்கே வாத்தியாராகவோ மாணவராகவோ இருந்தார் என்றுதானே?

ஆங்கிலத்தில் இது ‘ஆஷ்கேன் ஸ்கூல்’: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் அன்றாட வாழ்க்கையை வரைந்த ஓவியர்களுக்கு வந்த பெயர். முதலில் ‘ஆஷ்கேன்’. நிலக்கரி எரித்து வீட்டைச் சூடாக்கிய காலத்தில் சாம்பலை அள்ளித் தெருவோரம் வைத்த தகரத் தொட்டி அது. ‘சாம்பல் கிண்ணம்’ என்று எழுதுவோரும் உண்டு. அது சிகரெட் தட்டும் பாத்திரம். 1916இல் ‘தி மாஸஸ்’ என்ற அமெரிக்க இடதுசாரிப் பத்திரிகைக்குள் எழுந்த தகராறில், சக ஓவியர்கள் சாம்பல்தொட்டிகளையே வரைகிறார்கள் என்று கேலிச்சித்திரக்காரர் ஆர்ட் யங் அலுத்துக்கொண்டார். அந்த வசைதான் 1930களில் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆகவே ‘சாம்பல்தொட்டி’ சரி.

‘பள்ளி’தான் தவறு. ‘ஸ்கூல்’ என்பதன் கிரேக்க மூலத்துக்கு ஓய்வு என்று பொருள். அது பாடம் நடக்கும் இடமாகி, பிறகு ஓர் ஆசிரியரைப் பின்பற்றுவோரையும் குறித்தது. நம் ‘பள்ளி’ படுக்கையில் தொடங்கியது: பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி. துறவியர் தங்கிய பள்ளிகளில் கல்வியும் நடந்ததால் அது பள்ளிக்கூடமாயிற்று. அதோடு நின்றுவிட்டது. ஒரு கருத்தையோ கலைப்போக்கையோ பின்பற்றும் கூட்டம் என்ற பொருளைத் தமிழ் அதற்குக் கொடுக்கவே இல்லை. ‘சிந்தனைப் பள்ளி’ என்ற சொற்றொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கரும்பலகையும் பிரம்பும்தான் ஞாபகம் வருகின்றன. மணிமேகலை அத்தனை தத்துவக்காரர்களையும் வரிசையாக நிறுத்தித் தத்தம் கொள்கையைச் சொல்ல விடுகிறதே, ‘சமயக்கணக்கர்’ என்றல்லவா அழைத்தது? சொல் இல்லாமலா போயிற்று?

இந்த ஓவியர்கள் விஷயத்தில் குழப்பம் இரட்டிப்பு. இவர்களின் தலைவர் ராபர்ட் ஹென்றி, நியூயார்க் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் என்ற நிஜப் பள்ளியிலேயே பாடம் நடத்தியவர். சென்னையிலும் அப்படித்தான்: 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி கட்டடத்தோடு இருந்தது. கட்டடத்தையும் கலைப்போக்கையும் ஒரே சொல்லால் சொன்னால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்?

மாற்றாக ‘குழாம்’ என்கிறார்கள் சிலர். அது மேடையேறும் கூட்டத்துக்குப் பொருந்தும். ‘பாணி’ நல்ல சொல். தஞ்சாவூர்ப் பாணி என்றால் தங்கத்தாளும் கல் பதிப்பும் கண்ணில் நிற்கும். ஆனால் கிளாக்கென்ஸ், ஜான் ஸ்லோன், ஜார்ஜ் லக்ஸ், எவரெட் ஷின் நால்வருக்கும் பொதுவாக இருந்தது தூரிகைப் பழக்கத்தைவிட, ஃபிலடெல்ஃபியா செய்தித்தாள்களுக்குப் படம் வரைந்து பழகிய கண். தெருவும் பூங்காவும் மதுக்கடையும் அதில் பட்டன. அதனால் ‘ஸ்கூலை’ மொழிபெயர்க்காமலே விட்டுவிடலாம். ‘சாம்பல்தொட்டி ஓவியர்கள்’ போதும். மூலத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஈடு வைத்தே தீர வேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளர்களைப் பிடித்த நோய்.

இன்னொன்று. 1908இல் நியூயார்க்கின் மேக்பெத் காட்சியகத்தில் சேர்ந்து படம் வைத்து ‘தி எய்ட்’ என்று பெயர்பெற்ற எட்டுப் பேரைச் சிலர் ‘எட்டு’ என்றே எழுதிவிடுகிறார்கள். எண்மர் என்று அழகான சொல் இருக்க, கணக்குப் பாடம் எதற்கு? அந்த எண்மரில் ஒருவர்தான் மாரிஸ் பிரெண்டர்காஸ்ட். 1901இல் சென்ட்ரல் பார்க்கை நீர்வண்ணத்தில், வண்ணத் திட்டுகளாக வரைந்தவர். அவரைச் சாம்பல்தொட்டியில் போடாதீர்கள்.