லோகோவில் நின்றுபோன பழைய டேப்லெட்: சாஃப்ட்வேர் போடச் சொல்வதற்கு முன்

பழைய சாம்சங் டேப்லெட் ஒன்றை ஆன் செய்ததும் லோகோ மட்டும் ஒளிர்ந்து, அதற்குமேல் உள்ளே போகாமல் நின்றுவிட்டால், பெரும்பாலான சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் பதில், “சாஃப்ட்வேர் போட வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், பரவாயில்லையா?” என்பதுதான். இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாஃப்ட்வேர் போட வேண்டியிருக்கும் என்பது பல நேரங்களில் உண்மை, எல்லாம் போய்த்தான் ஆக வேண்டும் என்பது உண்மையில்லை. ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, மீண்டும் எழுதுவது ஒரு வேலை, பயனரின் தரவை அழிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்தே செய்துவிடும் பழக்கத்தால், வேறெங்கும் பிரதி இல்லாத குடும்பப் படங்கள் தேவையில்லாமல் அழிந்துபோகின்றன.

டேப்லெட்டின் உள் நினைவகம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு இருக்கும் சிஸ்டம் பகுதி தனி. படங்களும் செயலிகளும் இருக்கும் டேட்டா பகுதி தனி. ஓடின் என்ற விண்டோஸ் மென்பொருள் வழியாக ஃபர்ம்வேரை எழுதும்போது, நான்கு கோப்புகளாக வரும் தொகுப்பில் சிஎஸ்சி கோப்பை (நாடு, நிறுவனம் சார்ந்த அமைப்புகள் கொண்டது) தேர்ந்தெடுத்தால் டேட்டா துடைக்கப்படும். ஹோம் சிஎஸ்சி கோப்பைத் தேர்ந்தெடுத்தால் துடைக்கப்படாது. இன்னும் பழைய மாடல்களுக்கு ஒரே கோப்பாக வரும் தொகுப்புகளும் பொதுவாக டேட்டாவைத் தொடுவதில்லை. ஆகவே முதலில் ஆண்ட்ராய்டு திறக்காமலே பழுதுபார்க்க உதவும் ரெக்கவரி திரைக்குப் போய், தற்காலிகக் கோப்புகள் இருக்கும் கேஷ் பகுதியை மட்டும் துடைத்துப் பார்க்க வேண்டும். அதில் சரியாகாவிட்டால், ஏற்கெனவே இருந்த அதே பதிப்பைத் தரவைத் துடைக்காமல் எழுத வேண்டும். அதுவும் பலிக்காதபோதுதான், உரிமையாளரின் சம்மதத்தோடு, தரவையெல்லாம் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். எல்லா டேப்லெட்டிலும் இப்படித் தரவு மீளும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் ரீசெட்டில் தொடங்கினால் அந்த வாய்ப்பே இல்லாமல் போகிறது.

ஃபர்ம்வேர் கோப்பைத் தேடுவதற்கு முன், அதை எழுதுவதற்கான டவுன்லோடு மோடு திரையை நிதானமாகப் படிக்க வேண்டும். ஹோம் பட்டன் உள்ள மாடல்களில் ஒலியைக் குறைக்கும் பட்டன், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, எச்சரிக்கை வந்ததும் ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்தினால் அந்தத் திரை வரும். அதன் இடது மேல் மூலையில் உள்ள பொடி எழுத்துகளை யாரும் கவனிப்பதில்லை. மாடல் எண் அங்கேதான் இருக்கிறது. பின்மூடி மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால் அதில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எடுத்துக்காட்டாக, எஸ்எம்-டி210 வைஃபை மட்டும் உள்ளது, எஸ்எம்-டி211 சிம் போடக்கூடியது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எஃப்ஆர்பி என்னும் திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கிறதா என்பதையும் புதிய மாடல்களில் அதே மூலை சொல்லும். ஆண்ட்ராய்டு 5.1 முதல் வந்த இந்தப் பூட்டு இருந்தால், ரெக்கவரி வழியாக ரீசெட் செய்த பிறகு பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல் பொதுவாகத் தேவைப்படும். அது நினைவில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்காத கடை உங்களுக்கு உதவவில்லை.

ஃபர்ம்வேர் பதிப்பின் பெயரும் படிக்கக்கூடியதே. கடைசி மூன்று எழுத்துகள் க்யூஹெச்1 என்று இருந்தால், 2017 ஆகஸ்டில் உருவான முதல் பதிப்பு என்று பொருள். 2015-ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்த பல மாடல்களில், இருப்பதைவிடக் குறைந்த பூட்லோடர் (கருவி ஆனாகும்போது முதலில் இயங்கும் மென்பொருள்) எண் கொண்ட ஃபர்ம்வேரை எழுத முயன்றால் கருவியே மறுத்துவிடும். பழைய பதிப்பு வேகமாக இருக்கும் என்று கேட்டு வருபவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது ஓடினில் டிக் செய்வதற்கு உள்ள இரண்டு கட்டங்களை. ரீ-பார்ட்டிஷன், நேண்ட் எரேஸ் ஆல் ஆகிய இவ்விரண்டிலும் டிக் இருக்கக் கூடாது. ஐஎம்இஐ (சிம் போடும் ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்) தொடர்பான விவரங்கள் இருக்கும் இஎஃப்எஸ் பகுதி இவற்றால் அழிந்துபோகலாம். அழிந்தால் டேப்லெட் ஆன் ஆகும், ஆனால் சிம் வேலை செய்யாது. சிம் போடக்கூடிய டேப்லெட்டைத் திரும்ப வாங்கும்போது *#06# அடித்து, வருகிற 15 இலக்க எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 0049 என்று தொடங்கும் பொது எண் வந்தால் அந்தப் பகுதி சேதமடைந்திருக்கிறது. “வேறு ஐஎம்இஐ எழுதித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் அந்த எண்ணை மாற்றுவது குற்றம்.

பேட்டரி பாதிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், கேபிள் ஆடக் கூடாது. 2012-இல் வந்த டேப் 2 மாடலின் அகலமான 30 முனை சார்ஜிங் போர்ட் இன்று பெரும்பாலும் தளர்ந்தே இருக்கிறது. எழுதும்போது இணைப்பு அறுந்தாலும் டவுன்லோடு மோடு திறந்தால் பதற வேண்டாம், மறுபடி எழுதலாம்.

சில டேப்லெட்களில் ஓடின் ‘பாஸ்’ என்று பச்சை நிறத்தில் காட்டும். ரீசெட்டும் முடிந்ததாகச் சொல்லும். ஆனால் மீண்டும் ஆன் செய்தால் அதே பழைய வால்பேப்பர், அதே பழைய செயலிகள், அதே கோளாறு. இது இஎம்எம்சி என்னும் நினைவகச் சிப் தேய்ந்து, படிக்க மட்டும் இடம்கொடுத்து எழுத மறுக்கும் நிலை. இதற்கு எத்தனை முறை சாஃப்ட்வேர் போட்டாலும் பயனில்லை. சிப்பை மாற்ற வேண்டும். பழைய டேப்லெட்டுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஒரு முறைக்கு மேல் சாஃப்ட்வேர் கூலி கேட்கப்பட்டால், சிப்பைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும், ஆண்ட்ராய்டு 4 டேப்லெட் வாங்கிய நாளில் செய்ததையெல்லாம் இன்று செய்யாது. கூகுள் பிளே சேவைகள் கிட்கேட் (ஆண்ட்ராய்டு 4.4) பதிப்புக்கான ஆதரவை 2023-இல் நிறுத்திவிட்டன. வாட்ஸ்அப்பும் இப்போது ஆண்ட்ராய்டு 4-இல் இயங்காது. பல இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பழைய பிரவுசர் ஏற்காது. வங்கிச் செயலிக்கோ பணப் பரிமாற்றத்துக்கோ இதைப் பயன்படுத்தவே கூடாது. மெமரி கார்டில் உள்ள பாட்டு, பிடிஎஃப் புத்தகம், குழந்தைகளுக்கான காணொளி ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். எதற்காகத் திரும்ப வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், செலவு செய்யத் தகுமா என்பதை அவரே நேர்மையாகச் சொல்ல முடியும்.