உச்சரிப்பு வர வேண்டுமா? முதலில் தாளம் போடுங்கள்

"எழுத்தெல்லாம் சரியாத்தான் சொல்றேன், ஆனா போன்ல வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியவே மாட்டேங்குது." ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வரும் பலர் சொல்வது இதைத்தான். பேசச் சொல்லிக் கேட்டால் அவர்கள் சொல்வதும் உண்மை, எழுத்துகள் சுத்தமாகவே இருக்கும். இடறுவது தாளம்.

நாம் எந்த அசையையும் விட்டுவிடாமல் முழுசாக ஒலிக்கப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை மட்டும் நீண்டு உரக்க ஒலிக்கும், மற்றவை சுருங்கி மங்கிவிடும். 'கம்ஃபர்டபிள்' என்பதை நம்மில் பலர் 'கம்-ஃபர்-டே-பிள்' என்று நான்காக உடைத்து 'டே'யில் ஊன்றுகிறோம். வெளிநாட்டுக்காரர்களின் காது எதிர்பார்ப்பது, முதலில் ஊன்றிய 'கம்ஃப்-ட-பிள்'.

இதை விளக்கிப் புரியவைப்பதைவிட மேஜையைத் தட்டிக் காட்டுவது சுலபம். 'பேர்ட்ஸ் ஈட் வேர்ம்ஸ்' என்று மூன்று தட்டில் சொல்லுங்கள். அப்புறம் 'த பேர்ட்ஸ் ஆர் ஈட்டிங் த வேர்ம்ஸ்', அதற்கப்புறம் 'த பேர்ட்ஸ் வில் ஹேவ் ஈட்டன் த வேர்ம்ஸ்'. தட்டு அதே மூன்றுதான், வேகமும் மாறக் கூடாது, ஆகவே 'வில் ஹேவ்' இரண்டும் சேர்ந்து 'அலவ்' மாதிரி சுருங்கினால்தான் அடுத்த தட்டுக்குள் போய்ச் சேர முடியும். மிருதங்கம் கற்ற பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்: ஒரே தட்டுக்குள் தகிட, தகதிமி என்று நடை மாற்றிய பழக்கம்! (கருவி வைத்து அளந்தால் இயல்பான பேச்சில் இந்த இடைவெளிகள் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை; பயிற்சிக்கு இது போதும்.) நியூயார்க்கில் ஆங்கிலம் கற்பித்த கேரலின் கிரஹாம் 1978-லேயே ஜாஸ் தாளத்தில் அன்றாட உரையாடல்களைச் சொல்லவைக்கும் முறையைப் புத்தகமாக்கிவிட்டார்.

ஆங்கிலப் பாட்டு உதவாதா? கேட்கட்டும், பாடட்டும், கூச்சம் போகும். ஆனால் மெட்டுக்காக 'த', 'ஆஃப்' போன்ற குட்டிச் சொற்களைக்கூட இழுத்துப் பாடுவார்கள், பேச்சில் அப்படி இழுத்தால் கெட்டது. அதனால் மெட்டில்லாமல் தாளத்தோடு மட்டும் சொல்லிப் பழகுவதையே நான் முதலில் வைப்பேன்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, வகுப்பே சேர்ந்து ஆங்கிலப் பாடத்தை ஒரே ராகத்தில் இழுத்து ஒப்பிக்கும் வழக்கம். அந்த ராகம் நாக்கில் படிந்துவிட்டால் பெரியவர்களான பிறகு மாற்றுவது பெரும்பாடு. பிள்ளை புதுச் சொல் படிக்கும்போது அகராதியைத் திறந்து பாருங்கள், உச்சரிப்புக் குறிப்பில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்த அசையில் மட்டும் ஓங்கித் தட்டச் சொல்லுங்கள்.