வடசென்னையில் வீடு தேடி அலுத்தவர்களுக்கு: டோக்கன் கொடுக்கும் முன்

தண்டையார்பேட்டையிலோ கொளத்தூரிலோ ஒரே வீட்டை நான்கு புரோக்கர்கள் நான்கு விலை சொல்லிக் காட்டுவது இப்போது சாதாரணம். ஆடியில் பார்த்த வீடு தை பிறந்தும் விற்கவில்லை. 'விற்பனைக்கு' என்ற பலகை வெளுத்துவிட்டது, விலை மட்டும் அசையவில்லை. சரக்கு தேங்கினால் விலை இறங்கும் என்பது கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தையின் கணக்கு. காய்கறி அழுகும், வீடு அழுகாது. அதனால் விற்பவர் காத்திருக்கிறார்.

அவர் காத்திருக்கக் காரணங்கள் உண்டு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் விற்பனைக்கு வரும் தனி வீடுகளில் நிறைய, பெற்றோர் விட்டுச்சென்றவை. ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு இருபது லட்சமாவது வேண்டும் என்றால் விலை ஒரு கோடி. அந்தத் தெருவில் அது போகுமா என்று யாரும் பார்ப்பதில்லை. ஐவரில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் விலை இறங்காது. இன்னொரு காரணம் மெட்ரோ. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு, நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய வீடும் 'மெட்ரோ பக்கம்' ஆகிவிட்டது. மாதவரத்தில் இரண்டாம் கட்டப் பணிகள் முடியும் முன்பே அந்த விலையைக் கேட்கிறார்கள்.

இந்த நிலைமையில் வாங்குபவருக்கு வரும் ஆபத்து, விலையை விடவும் அலுப்புதான். ஆறேழு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் படியேறி இறங்கிய குடும்பம் ஏதோ ஒரு கட்டத்தில் 'இதையாவது முடித்துவிடலாம்' என்கிறது. அன்றைக்கே ஐம்பதாயிரம் டோக்கன், அதாவது வீட்டைப் பிடித்துவைக்கும் முன்பணம், போகிறது, காகிதங்களைப் பிறகு பார்க்கிறார்கள். சிக்கலோடு ஆலோசனை கேட்டு எங்களிடம் வரும் கோப்புகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் தொடங்கியிருக்கின்றன. வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே அதன் விலையை நீங்களே போட்டு வைத்திருந்தால் அலுப்பு உங்களை இழுத்துக்கொண்டு போகாது.

விலையை நீங்களே போடுங்கள்

அடுக்குமாடி வீட்டில் நீங்கள் வாங்குவது இரண்டு பொருள்கள்: மனையில் பிரிக்கப்படாத பாகம், அதாவது யூ.டி.எஸ்.; அதன்மேல் நிற்கும் பழைய கட்டடம். முதலாவது ஏறும், இரண்டாவது தேயும். புரோக்கர் சொல்லும் 'சதுர அடி இவ்வளவு' இரண்டையும் ஒன்றாகக் கலந்து மறைத்துவிடும்.

உதாரணத்துக்கு, 20 வருடம் ஆன 750 சதுர அடி வீடு, யூ.டி.எஸ். 350 சதுர அடி, கேட்கும் விலை 58 லட்சம். அந்தத் தெருவில் காலி மனை சதுர அடி 8,000 என்று வைத்துக்கொள்வோம். மனைப் பாகம் 28 லட்சம். இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,300 ஆகும் என்றால் கட்டடம் 17.25 லட்சம். ஆண்டுக்கு 1.5% தேய்மானம் கழித்தால் இருபது வருடத்தில் 30% போய், மீதி 12 லட்சத்துச் சொச்சம். ஆக 40 லட்சம். மூடிய கார் பார்க்கிங், நல்ல தண்ணீர், நிலையத்துக்கு நடந்து போகும் தூரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலைந்து லட்சம் கூடுதலாகத் தரலாம். 40-க்கும் 58-க்கும் நடுவே உள்ள பதினெட்டு லட்சம் முழுவதற்கும் காரணம் சொல்ல வேண்டியது விற்பவர்.

உங்கள் தெருவின் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு, கைக்கெட்டியும் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் நீங்கள் பார்க்கும் வீட்டின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். அதே கட்டடத்தில் மற்ற வீடுகள் எந்த ஆண்டு, எவ்வளவு தொகைக்கு, எவ்வளவு யூ.டி.எஸ்-ஸோடு பதிவாயின என்பது அதில் இருக்கும். சில பத்திரங்களில் தொகையைக் குறைத்துக் காட்டியிருப்பார்கள், அதனால் அதை அப்படியே விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வங்கிக் கடனோடு பதிவானவற்றில் தொகை பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அடுத்தது கைப்பணம். வங்கி கடன் தருவது விற்பவர் கேட்கும் விலைக்கு அல்ல. வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் தொகை, ஒப்பந்தத் தொகை, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75% உச்சவரம்பு. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டில் பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள்.

மேலே சொன்ன 58 லட்ச வீட்டுக்கு மதிப்பீட்டாளர் 46 லட்சம் போட்டால் கடன் 36.8 லட்சம். மீதி 21.2 லட்சம் உங்கள் கையிலிருந்து. மறுவிற்பனைக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%, சேர்த்து 5.22 லட்சம். புரோக்கருக்கு ஒரு சதவீதம் என்றால் 58,000. மொத்தம் 27 லட்சம் ரொக்கமாக வேண்டும். அதே வீட்டை 46 லட்சத்துக்குப் பேசி முடித்தால் கையிலிருந்து போவது 13.8 லட்சம். விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, கைப்பணமோ பாதியாகிவிட்டது. பேரம் பேசக் கூச்சப்படுபவர்கள் இந்த ஒரு கணக்கை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

மாதத் தவணையும் பார்க்க வேண்டும். 8.5% வட்டியில் இருபது வருடத்துக்கு லட்சத்துக்கு 868 ரூபாய், 36.8 லட்சத்துக்குச் சுமார் 32,000. அதே மாதிரி வீடு அதே தெருவில் 15,000 வாடகைக்குக் கிடைக்கிறது என்றால் இன்னும் ஓராண்டு வாடகையில் இருந்து தேடுவதில் நஷ்டமில்லை.

'நாப்பதுக்கு ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம், மிச்சம் கையில குடுத்துருங்க' என்று சொல்லும் விற்பவரிடம் உறுதியாக மறுத்துவிடுங்கள். பத்திரத் தொகை குறைந்தால் கடனும் குறையும். நாளை நீங்கள் விற்கும்போது அந்த 18 லட்சமும் உங்கள் லாபமாகக் கணக்காகி வரி வரும். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீதத்தை விற்பவர் பணத்திலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய விகிதம் வேறு, அதிகம்.

ஒரு கிரவுண்டில் ஆறு வீடு

புது வீடு என்று காட்டப்படுபவை இங்கே பெரும்பாலும் பழைய ஓட்டு வீட்டை இடித்து ஒரு கிரவுண்டில் எழுப்பிய சிறு அடுக்குமாடிகள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனையோ எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடமோ வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரெராவில் பதிவு செய்யத் தேவையில்லை. இரண்டு கிரவுண்டு சேர்ந்தாலும் 446 சதுர மீட்டர்தான். பெரிய திட்டத்தில் வாங்குபவருக்கு இருக்கும் பாதுகாப்பு இங்கே தானாக வராது. ஒப்பந்தம் பதிவாகும் முன் 10%-க்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, கட்டுமானக் குறைக்கு ஐந்து ஆண்டு பொறுப்பு என்ற இரண்டையும் கட்டுமான ஒப்பந்தத்தில் நீங்களே எழுதி வாங்க வேண்டும்.

யூ.டி.எஸ்-ஸைக் கூட்டிப் பாருங்கள். ஒரே அளவில் ஆறு வீடு என்றால் ஆளுக்கு 400 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 300 என்று இருந்தால் 600 சதுர அடி யாரிடமோ மிச்சம் இருக்கிறது. நாளை மொட்டை மாடியில் ஒரு தளம் எழும்ப அதுவே பிடி.

பிளான் அப்ரூவலின் நகலைக் கேட்டு வாங்கி, மாடிகளை எண்ணுங்கள். இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி மூன்று கட்டியிருப்பது, பார்க்கிங் இடத்தில் ஓர் அறை போட்டு விற்பது, பக்கவாட்டு இடைவெளியை விழுங்கியிருப்பது மூன்றும் அடிக்கடி பார்ப்பவை. 2007 ஜூலை 1-க்கு முந்தைய விதிமீறலுக்குத்தான் வரன்முறை, அதாவது கட்டணம் கட்டிச் சட்டப்படி ஆக்கிக்கொள்ளும், வாய்ப்பு இருந்தது. அதற்குப் பிந்தையதை 'பீஸ் கட்டி சரி பண்ணிக்கலாம்' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கட்டி முடியாத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5%. கார்ப்பெட் பரப்பு (சுவர்களுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1%. பணி நிறைவுச் சான்று பெற்றபின் விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. மனையும் கட்டடமும் சேர்ந்த ஒரே பத்திரமாகப் பதிவாகும் புது அடுக்குமாடியின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 50 லட்சம் வரை 6%, 3 கோடி வரை 7%. பழைய முறையில் யூ.டி.எஸ்-ஸுக்கு மட்டும் பத்திரம் போட்டுக் கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் எழுதினார்கள். பல கட்டுநர்கள் இன்னும் அந்தக் கணக்கையே சொல்கிறார்கள்.

வடசென்னைப் பக்கத்துக் காகிதங்கள்

சந்தை விலையில் பாதிக்கு ஒரு வீடு வந்தால் பத்திரத்தின் சொத்து விவரத்தை முதலில் படியுங்கள். 'மேல்கட்டடம் மட்டும்' என்று இருந்தால் மனை பெரும்பாலும் கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தம். நீங்கள் வாங்குவது சுவரும் கூரையும், கூடவே மனை வாடகை பாக்கியும். வங்கிகள் பொதுவாக இதற்குக் கடன் தருவதில்லை. குடிசை மாற்று வாரியமாக இருந்து 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆன அமைப்பின் வீடுகளிலும் இதே எச்சரிக்கை. வாரியம் ஒதுக்கீட்டாளருக்கு விற்பனைப் பத்திரம் எழுதித் தந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. பவர் பத்திரமும் நோட்டரி முத்திரையும் உங்களை உரிமையாளர் ஆக்காது. உச்ச நீதிமன்றம் 2011-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வாரிசுச் சொத்தில் தவறிப்போவது மகள்களின் கையெழுத்து. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகன்களுக்கு எவ்வளவோ அவ்வளவே மகள்களுக்கும். 'கல்யாணத்துல நகை போட்டாச்சு' என்பது, பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் ஆகாது. இதைவிட நுட்பமாகத் தவறுவது பாட்டியின் பங்கு. தந்தை இறந்த அன்று அவருடைய தாய் உயிரோடு இருந்திருந்தால் தாய்க்கும் சமபங்கு உண்டு. பிறகு பாட்டியும் போய்விட்டால் அந்தப் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும், அதாவது விற்பவரின் சித்தப்பா, அத்தை வரை போகும். வாரிசுச் சான்றிதழோடு இறப்புச் சான்றிதழ்களின் தேதிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. வழக்கறிஞரிடம் தனியாகக் கேளுங்கள். பங்குதாரரில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம்.

வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உயில் பதிவாகியிருந்தாலும் அதில் வராது. வாய்மொழிக் குத்தகை, மேல்வீட்டில் பதினைந்து வருடமாகக் குடியிருக்கும் வாடகைக்காரர், பதிவு செய்யப்படாத பாகப்பிரிவினை எதுவும் வராது. தாய்ப்பத்திரம் (சொத்தின் மூலப் பத்திரம்) தொடங்கி முப்பது ஆண்டுத் தொடர்ச்சி, பழைய பத்திரத்திலுள்ள ஆர்.எஸ். (ரீசர்வே) எண்ணுக்கும் நகர நில அளவைப் பதிவேட்டிலுள்ள டி.எஸ். (டவுன் சர்வே) எண்ணுக்கும் பொருத்தம், அசல் பத்திரம் யார் கையில் என்ற மூன்றும் சரியாக இருந்தால்தான் மேலே பேச வேண்டும்.

கட்டடத்தைப் பார்க்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், சன்ஷேடின் அடிப்பகுதியையும் பால்கனி உத்தரத்தையும் பாருங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது; துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பதால் கான்கிரீட் கம்பியின் போக்கிலேயே நீளவாக்கில் வெடிக்கிறது. குறுக்கே ஓடும் மயிரிழைக் கீறல் பூச்சில் மட்டும் இருக்கலாம், கம்பியோடு ஓடும் கீறல் அப்படி அல்ல. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, கடலோரக் கட்டடத்துக்குக் கம்பியின் மேல் 45 மி.மீ. கான்கிரீட் கவசம் கேட்கிறது. பழைய சிறு கட்டடங்கள் பலவற்றில் அதில் பாதி இருந்தாலே பெரிது. சுத்தியலின் மரப்பிடியால் தட்டுங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் மேல்கான்கிரீட் பிரிந்திருக்கிறது.

தெருவில் நின்று வீட்டுத் தரை மட்டத்தையும் சாலை மட்டத்தையும் ஒப்பிடுங்கள். ரோடு மேல் ரோடு போட்டே வீடுகள் பள்ளத்தில் போய்விட்ட தெருக்கள் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை எங்கும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்பவரிடம் கேட்க வேண்டாம், எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சுவரில் மூன்றடி உயரம் வரை மட்டும் புதுப் பூச்சு இருந்தால் அதுவே பதில். எண்ணூர் கழிமுகப் பக்கம் மிக்ஜாமின்போது எண்ணெய் கலந்த நீரும் வீடுகளுக்குள் போனது. போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். தனி மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) யாருடையது, கோடையில் லாரித் தண்ணீர் மாதம் எத்தனை என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பிடித்துப்போனால் டோக்கன் கொடுக்கலாம். ரசீது இல்லாமல் வேண்டாம், ரொக்கமும் வேண்டாம். ரசீதில் மூன்று வரி இருக்கட்டும்: பேசிய விலை, அது எத்தனை நாள் செல்லும், 'வழக்கறிஞர் கருத்திலோ வங்கி மதிப்பீட்டிலோ குறை வந்தால் முழுத்தொகையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்'. வாரிசுகளில் ஒருவராவது அதில் கையெழுத்துப் போட மறுத்தால் வீட்டில் இன்னும் சண்டை தீரவில்லை என்று பொருள். அவர்கள் தீர்த்துக்கொண்டு வரட்டும். விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு பத்து லட்சம் கொடுக்காதீர்கள். கெடு மூன்று மாதம் வையுங்கள், கடன் அனுமதி வர அவ்வளவு ஆகும். பத்திரப் பதிவுக்குப் போகும் அன்று காலையில் வில்லங்கத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, மின் கட்டணம், சொத்து வரி, குடிநீர் வரி மூன்றின் கடைசி ரசீதுகளையும் அசலாக வாங்கிக்கொண்டு, பிறகு டிமாண்ட் டிராஃப்டைக் கொடுங்கள்.