‘அது அவர் இஷ்டம்’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்

குடியால் இறந்த ஒருவரைப் பற்றிய மறுஆய்வு அறிக்கை இன்னொன்றைப் படித்து முடித்தேன். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு இது புதிதல்ல. 2014 பராமரிப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, பராமரிப்பு தேவைப்படும் ஒருவர் கவனிப்பில்லாமல் இறந்ததாகத் தெரிந்து, மருத்துவமனையும் கவுன்சிலும் போலீஸும் சேர்ந்து செயல்பட்டிருக்கலாமே என்ற கேள்வியும் எழுந்தால், உள்ளூர் பாதுகாப்பு வாரியம் மறுஆய்வு நடத்தியே ஆக வேண்டும். தன்னைத்தானே கவனிக்காமல் விடுவதும் இதில் அடங்கும். 2017இல் வெளியான இத்தகைய 11 அறிக்கைகளை ‘ஆல்கஹால் சேஞ்ச் யுகே’ என்ற தொண்டு அமைப்பு சேர்த்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்டது. அப்போதும் இதே பல்லவிதான்: ‘குடிப்பது அவருடைய விருப்பம்.’

எரிச்சலாக வருகிறது. முடிவெடுக்கும் திறன் பற்றிய 2005ஆம் ஆண்டுச் சட்டம் (Mental Capacity Act) சொல்வது, முடிவு முட்டாள்தனமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்றுதான். திறன் இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம் என்று அது எங்கே சொன்னது? நீண்டகாலக் குடி மூளையின் முன்பகுதியைக் கெடுக்கும். அப்படிப்பட்டவருக்குச் சொல்லத் தெரியும், செய்ய வராது. வார்டில் உட்கார்ந்து, “சாப்பிடுவேன் டாக்டர், செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வந்துவிடுவேன்” என்று அழகாகப் பேசுவார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜில் திரிந்த பால் மட்டும் இருக்கும். பிரிக்காத கிளினிக் கடிதங்கள் கதவடியில் குவிந்து கிடக்கும். பத்து நிமிடப் பேச்சை வைத்து ‘திறன் உண்டு’ என்று எழுதினால் அது மதிப்பீடா? அவர் சொன்னதைச் செய்கிறாரா என்று வீட்டில் பாருங்கள், பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள்.

‘முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும்’ என்று மனநலப் பிரிவு திருப்பி அனுப்புவது அடுத்த கொடுமை. கடுமையான மனநோய் உள்ளவரைக் குடியைக் காட்டி அப்படி அனுப்பக்கூடாது என்று, சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016லேயே வழிகாட்டிவிட்டது. தினமும் நிறையக் குடிப்பவர் அந்தப் பேச்சை நம்பித் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அப்புறம், இரண்டு முறை வரவில்லை என்று பெயரை நீக்குகிறீர்களே, வர முடியாததுதானே அவருடைய நோய்?

குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு ஆகிய மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடிப்பவரிடம் ஒன்று இருந்தாலே, வைட்டமின் பி1 குறைவால் மூளையைத் தாக்கும் வெர்னிக்கி நோயாக இருக்கலாம் என்று நினைத்து பி1 ஊசியை உடனே போடுங்கள். ‘போதையில் உளறுகிறார்’ என்று காலை வரை படுக்க வைக்காதீர்கள்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். மானம் போய்விடும் என்று மறைக்காதீர்கள். கவுன்சிலின் முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்புப் பிரிவை நீங்களே அழைத்து மதிப்பீடு கேட்கலாம். குடியால் வந்த நோய்க்கும் அது பொருந்தும். “அவர் வேண்டாம் என்கிறாரே” என்று சொன்னால், 2014 பராமரிப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவைக் காட்டுங்கள். கவனிப்பின்மையால் ஆபத்து இருந்தால், அவர் மறுத்தாலும் மதிப்பீடு செய்தாக வேண்டும். அழைத்த தேதியையும் பேசியவர் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.