பயோரியாக்டர்: உயிரிவினைக்கலன்

திருப்பூர்ப் பக்கம் பயோரியாக்டர் என்றால் சாயக்கழிவுதான் நினைவுக்கு வரும்: நுண்ணுயிர்களுக்குக் காற்று கொடுத்து, கழிவைத் தின்ன வைக்கும் தொட்டி. ஆய்வகத்தில் தசைநாண் வளர்க்கும் கலத்துக்கும் இதே பெயர்தான்.

கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் வாழ்வு. 'ரியாக்டர்', இயக்கு என்னும் பொருள்தரும் லத்தீன் 'அகெரெ' வழி வந்தது. அணு உலையைப் பார்த்து 'உயிரி உலை' என்று எழுதுவது பொருந்தாது. உலை கொதிக்கும், திசு வளர்க்கும் கலனையோ உடம்புச் சூடான 37 டிகிரி செல்சியஸிலேயே நிறுத்திவைக்க வேண்டும். உயிரிவினைக்கலன் என்பதே சரி.

அதில் வளர்வது என்ன? தசையை எலும்போடு சேர்ப்பது டெண்டன், தமிழில் தசைநாண். நாண் என்பது வில்லில் இழுத்துக் கட்டும் கயிறு. அரைஞாணில் இருக்கும் ஞாணும் அதுதான். எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட். லத்தீன் 'லிகாரெ' என்றால் கட்டு. கபடியில் முழங்கால் திரும்பிக்கொண்ட பையனைப் பற்றி "ஜவ்வு கிழிஞ்சு போச்சுங்க" என்பார்கள். ஜவ்வு என்றால் மெல்லிய தோல். இதுவோ முறுக்கேறிய கயிறு. அதனால் 'பிணைப்பு நார்' என்பேன். தசைநார் என்று எழுதினால் இல்லாத தசை உள்ளே வந்துவிடுகிறது.

சரி, கலனுக்கு வருவோம். செல்கள் பற்றிக்கொண்டு வளர்வதற்கான தாங்கிக்குச் சட்டம் (ஸ்கேஃபோல்ட்) என்று பெயர். செல்களை விதைத்த அந்தச் சட்டத்தின் இரு முனைகளையும் கவ்விகள் பிடித்திருக்கும். மோட்டார் ஒரு முனையை மெல்ல இழுத்து விடும், நீளத்தில் சில சதவீதம் மட்டும். இழுவையே இல்லாவிட்டால், நாணுக்கு வலுத்தரும் புரதமான கொலாஜனின் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். இழுத்துக்கொண்டே இருந்தால் தறியில் ஏற்றிய பாவு மாதிரி ஒரே திசையில் வரிசைப்படும். ரொம்ப இழுத்தால் அறுந்துவிடும். பெரிய தொல்லை கவ்விதான்: இறுக்கினால் ஈரத்திசு நசுங்கும், தளர்த்தினால் வழுக்கும். திசு தடித்துவிட்டால் ஊட்டநீர் நடுப்பகுதிக்கு எட்டாது என்பதால், அதை ஓடவிட்டபடியே இருக்க வேண்டும். இத்தனையும் இழுவையைச் சுற்றியே நடப்பதால் 'இழுவை உயிரிவினைக்கலன்' என்று முழுசாக எழுதுவது நல்லது.

முழங்கால் பிணைப்பு நாருக்கு இழுவை மட்டும் போதாது, முறுக்கும் வேண்டும். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்மன், கேப்லன் குழுவினர் இரண்டையும் சேர்த்துத் தரும் கலனை 2002-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அவர்கள் சட்டமாக முன்வைத்தது பட்டுக் கயிறு. கோபிசெட்டிபாளையத்தில் வளர்க்கிறார்களே, அதே மல்பெரிப் பட்டுப்புழுவின் இழைதான். அதன்மேல் இருக்கும் செரிசின் பசையை உடம்பு ஏற்காமல் போகலாம் என்பதால், முதலில் அதை நீக்கிவிட்டே செல்களை விதைக்கிறார்கள்.