பேட்டரியைக் 'காலிபரேட்' செய்கிறேன் என்று கொல்லாதீர்கள்

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் என் போன் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்த போன், மேசையில் வைத்தால் படிந்து நிற்கவில்லை. பம்பரம் மாதிரி சுற்றியது. பின்மூடி ஒரு பக்கம் எழும்பி, இடுக்கில் பசை நூல் நூலாக இழுபட்டிருந்தது. உள்ளே பேட்டரி தலையணை போல உப்பியிருந்தது. கம்பெனி போட்ட ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு லினேஜ் ஓஎஸ் என்ற திறந்த மென்பொருள் ரோம், அதாவது மாற்று இயங்குதளம், போட்டிருக்கிறார். 30 சதவீதத்திலேயே போன் அணைந்துவிடுகிறதாம். யாரோ சொன்னார்கள் என்று பத்து நாளாகத் தினமும் 0 வரை இறக்கி, இரவெல்லாம் செருகி வைத்து 'காலிபரேட்' செய்திருக்கிறார், அதாவது சதவீதக் கணக்கைச் சரிசெய்கிறாராம். "ரோம் பிரச்சினைதானே அண்ணா?"

இல்லை தம்பி. இந்த மாதம் இப்படி வந்தது இது மூன்றாவது போன்.

முழுதாக இறக்கி ஏற்றுவது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம். உங்கள் போனில் இருப்பது லித்தியம். அதைப் பட்டினி போட்டால் தேயும், அவ்வளவுதான். இன்னொரு கூட்டம் 'பேட்டரி ஸ்டாட்ஸ்' கோப்பை அழிக்கச் சொல்கிறது. எந்தச் செயலி எவ்வளவு மின்சாரம் தின்றது என்று எழுதிவைக்கும் கணக்கு நோட்டு அது. நோட்டைக் கிழித்தால் பேட்டரி இளமையாகிவிடுமா? சதவீதத்துக்கும் அந்தக் கோப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று கூகுளில் ஆண்ட்ராய்டு பொறியாளராக இருந்த டயான் ஹாக்போர்ன் 2012இலேயே தெளிவாக எழுதிவிட்டார். லினேஜுக்கு முன்னோடியான சயனோஜென்மாட் காலத்துக் கதை இது. இன்னும் அதையே பரப்புகிறார்கள்.

திரையில் தெரியும் சதவீதம் ஒரு மதிப்பீடுதான். வயதான பேட்டரியில் உள்தடை, அதாவது மின்சாரம் வெளிவர உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, கூடிவிடும். கேமராவைத் திறந்ததும் வோல்டேஜ் சட்டென்று விழும், போன் அணையும். அந்த மாணவருக்கு நடந்தது அதுதான். ஏற்கெனவே தளர்ந்திருந்த பேட்டரி. மிச்சத்தைப் பத்து நாள் வைத்தியம் முடித்துவிட்டது.

திறந்த மென்பொருள் போன் வைத்திருப்பவர்கள் ஊகிக்கவே வேண்டியதில்லை. கட்டளை தட்டும் டெர்மினல் செயலியைத் திறந்து, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 'பவர் சப்ளை' அடைவுக்குள் (ஃபோல்டர்) போய்ப் பாருங்கள். வோல்டேஜ் மைக்ரோவோல்ட்டில் இருக்கும். 3850000 என்றால் 3.85 வோல்ட். முழுக் கொள்ளளவும், கம்பெனி வடிவமைத்த கொள்ளளவும் பல மாடல்களில் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்கும். 4000 எம்ஏஎச் பேட்டரி 2700இல் வந்து நின்றால் ரோமை மாற்றிப் பயனில்லை, பேட்டரியை மாற்றுங்கள். பைன்போன் என்ற லினக்ஸ் போன் வைத்திருப்பவர்களுக்கு அது நகத்தால் மூடியைக் கழற்றுகிற வேலை. சாம்சங் ஜே7 அளவு பேட்டரி அதில் பொருந்தும். மற்றவர்கள் பசையோடு மல்லுக்கட்ட வேண்டாம், கடைக்கு வாருங்கள்.

15, 20 சதவீதத்தில் செருகுங்கள். லினேஜ் 20 முதல் 'சார்ஜிங் கன்ட்ரோல்' வசதி இருக்கிறது. உங்கள் மாடல் ஆதரித்தால் 80இல் நிறுத்துங்கள். புது பேட்டரி போட்டால் ஒரே ஒரு முறை நன்றாக இறக்கி முழுதாக ஏற்றலாம், பேட்டரி அளவைக் கணிக்கும் சில்லு தன் கணக்கைச் சரிசெய்துகொள்ள அதுவே போதும். தினமும் வேண்டாம்.

பழைய போனில் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு, வீட்டு சர்வராக 24 மணி நேரமும் செருகியே வைத்திருக்கும் நண்பர்களே, உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். சூட்டில், 100 சதவீதத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரி உப்பத்தான் செய்யும். சார்ஜ் வரம்பு வைக்க வழியில்லையென்றால் ஒரு டைமர் பிளக்காவது போடுங்கள். வாரம் ஒருமுறை போனைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

உப்பியது தெரிந்தால் உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அந்த மாணவர் கடைக்கு வருவதற்கு முன்பு மூடியை அமுக்கி ஒட்டி, மேலே இரண்டு புத்தகங்களை வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார், தலைமாட்டிலேயே. தயவுசெய்து அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.