சாவில் உங்களைப் பயமுறுத்துவது எது?

என்னிடம் ஆலோசனைக்கு வந்தவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) என் அறையில் வந்து உட்கார்ந்த நேரத்திலிருந்து வலது கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டிலேயே இருந்தன. பேசிக்கொண்டே நாடியை எண்ணிக்கொண்டிருந்தார். இதய மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார். "படுத்தா, திரும்ப எந்திரிப்பேனான்னு இருக்கு மேடம்" என்றார்.

அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த உறவினர் ஒருவர், "உறங்கு வதுபோலுஞ் சாக்காடு" என்ற குறளை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கொஞ்சநஞ்சத் தூக்கமும் போயிற்று. தூங்கவே பயப்படுகிறவரிடம் சாவும் தூக்கம் மாதிரிதான் என்றால் வேறென்ன ஆகும்? குறளில் குறையில்லை. சொன்ன நேரமும் ஆளும்தான் பொருந்தவில்லை.

மரண பயத்துக்குத் தத்துவம் நல்ல மருந்து என்று உளவியல் ஆலோசகரான நானே நம்புகிறேன். ஆனால் பதற்றம் தலைக்கேறிய நேரத்தில் அது வேலை செய்யாது. நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும், இதோ போய்ச் சேரப்போகிறோம் என்றே தோன்றும். பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். அப்போது வேண்டியது நிதானமாக வெளிவிடும் மூச்சும், பக்கத்தில் ஒரு மனிதரும்தான். அதற்காக, புதிதாக வரும் நெஞ்சுவலியை வெறும் பயம் என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் மருத்துவர்.

மனம் அடங்கிய பிறகு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சாவில் எது உங்களைப் பயமுறுத்துகிறது? சாகும்போது வரும் வலியா, இல்லாமல் போவதா, விட்டுவிட்டுப் போவதா? மூன்றும் ஒரே பெயரில் வரும் வேறுவேறு பயங்கள். வலி என்றால், அதைத் தணிப்பதற்கென்றே மருத்துவத்தில் ஒரு பிரிவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பாதிப் பாரத்தை இறக்கிவிடும்.

இல்லாமல் போவதுதான் பயம் என்றால், கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிகூரஸிடம் போவேன். காலம் கி.மு. 341 முதல் 270 வரை. நாம் இருக்கும்வரை மரணம் வரவில்லை, அது வந்தபோது நாம் இருப்பதில்லை என்றார் அவர். அவர் வழிவந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ், பிறப்பதற்கு முந்தைய முடிவில்லாத காலத்தைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் சட்டென்று மனதில் இறங்குகிறது. என்னிடம் வந்தவரிடமும் அதையே கேட்டேன்: "1900இல் எங்கே இருந்தீங்க?"

"அப்ப நான் பொறக்கவே இல்லையே."

"அது உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

விரல்கள் மணிக்கட்டிலிருந்து எழுந்தன. கொஞ்ச நேரம் மேசையின் மேல் இருந்தன.

அடுத்த வாரம் வந்தவர் உட்காருவதற்கு முன்பே சொன்னார்: "நல்லா யோசிச்சேன் மேடம். பொறக்கிறதுக்கு முன்னால எனக்குப் பொண்ணு இல்லையே."

இதைவிட நேர்மையான மறுப்பை நான் கேட்டதில்லை. பிறக்காதவருக்கு இழக்க ஒன்றுமில்லை, வாழ்ந்தவருக்கு இருக்கிறது. இவர் பயம் மூன்றாவது வகை. அதை வாதத்தால் வெல்லப் பார்ப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். அதில் பாதி அன்பு, மீதி முடிக்காத வேலை.

அவருக்கு எபிகூரஸின் கடைசி நாளைச் சொன்னேன். சிறுநீர்க்கல் அடைப்பால் தாங்கமுடியாத வலி. அந்த நிலையிலும் நண்பர் இதோமேனியஸுக்குக் கடிதம் எழுதினார். நாம் பேசிக் கழித்த பொழுதுகளின் நினைவு இந்த வலிக்கு எதிராக நிற்கிறது என்று எழுதி, இறந்துபோன நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். மரணம் நமக்கு ஒரு பொருட்டே இல்லை என்று போதித்தவர், பிள்ளைகளுக்கு வழிசெய்துவிட்டுத்தான் போனார். கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது.

நாடி பிடிக்கும் பழக்கத்தை விடுவதற்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தோம். நம்மைக் கலங்கடிப்பது நடப்பவை அல்ல, அவற்றைப் பற்றிய நம் எண்ணங்களே என்றவர் இன்னொரு கிரேக்கத் தத்துவ அறிஞர், எபிக்டெட்டஸ். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பதற்றத்தைக் குறைக்க இன்று தரப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று இவருடைய சிந்தனை மரபு. மாடிப்படி ஏறினால் இதயம் வேகமாகத் துடிக்கும். 'துடிக்கிறது' என்பது செய்தி. 'நிற்கப்போகிறது' என்பது நாம் ஒட்டவைத்தது. படி ஏறி, எண்ணாமல் நின்று பார்ப்பதுதான் பயிற்சி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாவைக் கண்டு பயமில்லை, செத்தால் தேவலை என்று ஒருவர் சொன்னால் அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஆறாவது வாரம் அவர் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். வங்கிக் கணக்கு, காப்பீடு, யாரை அழைக்க வேண்டும் எல்லாம் எழுதி, ஒவ்வொன்றையும் முடித்து அடித்திருந்தார். கடைசியில் ஒரு வரி மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது: பாப்பாவுக்கு சைக்கிள்.

"ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கிறோம் மேடம்" என்றார்.